பிரிட்டிஷ் பட வாரத்தில் ஒரு பேய்ப் படம்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் திரைப்பட வாரத்துக்கான பட்டியலை உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். கென் லோச், மைக் லீ, ஸ்டீபன் ஃபிரியர்ஸ் எனப் பெயர்பெற்ற இயக்குநர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நல்ல பட்டியல்தான், குறை சொல்ல வரவில்லை. நான் பரிந்துரைத்த 'ஹிஸ் ஹவுஸ்' மட்டும் இல்லை. காரணம் கேட்டதற்கு, "இந்த முறை தலைப்பு நகரமும் மனிதர்களும். பேய்ப் படம் அதில் பொருந்தாது" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. என் பரிந்துரை விடுபட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நகரத்தைப் பற்றிப் பேசும் தகுதி ஒருவகைப் படங்களுக்கு மட்டும்தான் உண்டு என்று ஒரு திரைப்படக் கழகமே முடிவுகட்டுவது சரியில்லை. பிரிட்டனில் வீடு, வாடகை, அரசு அலுவலகம், சுரங்க ரயில், அடுக்குமாடி ஆகியவற்றைப் பற்றி மிகவும் உண்மையாகப் பேசிய படங்களில் சில பேய்ப் படங்கள். மற்ற உறுப்பினர்களும் படிக்கட்டும் என்பதால் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

'ஹிஸ் ஹவுஸ்' இயக்குநர் ரெமி வீக்ஸின் முதல் முழுநீளப் படம். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது, அந்த அக்டோபர் கடைசியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுகளில் அறிமுகப் படைப்பாளிக்கான விருதை வாங்கியது. தெற்கு சூடானின் போரிலிருந்து தப்பி வரும் ஒரு தம்பதியின் கதை. கணவன் பெயர் போல், மனைவி பெயர் ரியால். கடலைக் கடக்கும்போது நியாகாக் என்ற சிறுமியைப் பறிகொடுக்கிறார்கள். பிரிட்டனில் தடுப்புக் காவலில் இருந்துவிட்டு, அசைலம் கேஸ், அதாவது புகலிடம் கேட்டுப் போட்ட மனு, முடிகிறவரை தங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு வீடு ஒதுக்கப்படுகிறது. அந்த வீட்டின் சுவருக்குள் ஏதோ இருக்கிறது.

பேய் வீட்டுப் படம் எதுவானாலும் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி வந்தே தீரும். சுவருக்குள் சத்தம் கேட்கிறது, விளக்கு அணைகிறது, இருட்டில் யாரோ நிற்கிறார்கள். அப்புறமும் ஏன் இந்தக் குடும்பம் அதே வீட்டில் பாய் விரித்துப் படுக்கிறது? நம் தியேட்டர்களில் என்றால் பின்வரிசையிலிருந்து "ஓடுங்கடா" என்று ஒரு குரல் வந்துவிடும். பெரும்பாலான படங்கள் இதற்கு நொண்டிச் சாக்குதான் சொல்லும். இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு வாங்கிய வீடு, வெளியே பனிப்புயல், கார் கிளம்பவில்லை, இந்த மாதிரி.

வீக்ஸ் இந்தக் கேள்விக்குப் பதிலைச் சட்டத்திலிருந்து எடுக்கிறார். வீட்டைக் கொடுக்கும் முன்பே அதிகாரிகள் நிபந்தனைகளை வாசித்துவிடுகிறார்கள். வேலைக்குப் போகக் கூடாது. வாரத்துக்கு 74 பவுண்டு உதவித்தொகை, அதற்கு மேல் ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது. வாரந்தோறும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கொடுத்த வீட்டில்தான் இருக்க வேண்டும், சொந்தமாக இடம் மாறக் கூடாது. மீறினால் திரும்பவும் காவல், அங்கிருந்து நாடு கடத்தல். ஆகவே பேய் இருந்தாலும் இவர்கள் ஓட முடியாது. போல் ஒரு கட்டத்தில் அலுவலகத்துக்குப் போய் வேறு வீடு கேட்கிறான். பேய் என்று எப்படிச் சொல்வது? எலித் தொல்லை என்கிறான். இவ்வளவு பெரிய வீட்டைக் கொடுத்தும் குறை சொல்கிறாயா என்ற பார்வைதான் எதிரில் கிடைக்கிறது. காலங்காலமாகப் பேய்ப் படங்களில் இருந்துவந்த ஓர் ஓட்டையை ஒரு நாட்டின் குடிவரவு விதியை வைத்து அடைத்திருக்கிறார் இயக்குநர். இந்த வகைப் படங்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடக் கச்சிதமான விடையை நான் பார்த்ததில்லை.

இது கற்பனை நிபந்தனையும் அல்ல. 1999-ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்துக்குப் பிறகு, அரசின் செலவில் தங்க வேண்டிய அகதிகளுக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. லண்டனிலும் தென்கிழக்கிலும் கூட்டம் சேரக் கூடாது என்று, வீட்டு வாடகை மலிவான ஊர்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். வாடகை ஏன் மலிவு? தொழிற்சாலைகள் மூடி, வேலை போய், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஊர்கள் அவை. 2016 ஜனவரியில் மிடில்ஸ்பரோ நகரத்தில் ஒரு விவகாரம் வெளியே வந்தது. அகதிகள் தங்கவைக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்புக் கதவு. வேண்டுமென்றே அடிக்கவில்லை என்று ஒப்பந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் கதவைப் பார்த்தே யார் வீடு என்று தெரிந்துகொண்டு சிலர் முட்டையும் கல்லும் எறிந்தார்கள். பிறகு வேறு நிறம் அடிப்பதாக அறிவித்தார்கள். ஒரு தெருவில் ஒரு கதவு மட்டும் தனியாகத் தெரிகிறது, உள்ளே இருப்பவர் இரவில் ஜன்னல் பக்கம் போகப் பயப்படுகிறார். இதை எந்த வகைப் படமாக எடுப்பீர்கள்? இந்த வரிசையில் ஈழத்திலிருந்து போன நம் உறவுகளும் நின்றவர்கள்தான். கேஸ் முடிகிறவரை பெட்டியைப் பிரித்து வைக்காமல் இருந்த வருஷங்களைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

படத்தில் வரும் ஊரையும் கொஞ்சம் கவனியுங்கள். பிக் பென்னும் தேம்ஸ் பாலமும் தெரியும் லண்டன் இதில் இல்லை. ஒன்றுபோல இருக்கும் சின்னச் சின்ன வீடுகள், முன்னால் குப்பை, பின்னால் உயரமான வேலி, இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒற்றை ஆள் போகும் சந்து. ஒரு பகல் நேரத்தில் ரியால் கையில் விலாசத்தோடு மருத்துவரைப் பார்க்கக் கிளம்புகிறாள். சந்து திரும்புகிறது, இன்னொரு சந்து. சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கும் ஒரு பையனைக் கடக்கிறாள். மறுபடி திரும்புகிறாள், மறுபடி சந்து, மறுபடி அதே பந்துச் சத்தம். பேய் இல்லை, இருட்டு இல்லை, பயமுறுத்தும் இசைகூடத் தேவைப்படவில்லை. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வருவது பேய்க் காடுகளில் நடக்கும் பழைய உத்தி. அதை அப்படியே தூக்கி ஒரு குடியிருப்பின் வேலிகளுக்குள் வைத்துவிட்டார் வீக்ஸ்.

அங்கேதான் மூன்று கறுப்பினப் பையன்கள் வருகிறார்கள். ரியாலின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. தன்னைப் போன்றவர்கள், வழி சொல்வார்கள் என்று நினைக்கிறாள். அவர்கள் அவளுடைய பேச்சைக் கேலி செய்துவிட்டு, ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போ என்கிறார்கள். அந்தப் பையன்களின் தாத்தாவுக்கும் யாரோ இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்கள். அவள் எதுவும் செய்ய முடியாமல் நிற்கும் அந்த சில நொடிகள், எனக்கு இரவுக் காட்சிகள் எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தன.

உங்கள் குழுவில் ஒருவர், பிரிட்டிஷ் திகில் படங்கள் ஏழைக் குடியிருப்புகளைக் கொச்சைப்படுத்துபவை என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2008-ஐ ஒட்டி அப்படி ஓர் அலையே வந்தது. முகத்தை மறைத்துக் குல்லாச் சட்டை போட்ட இளைஞர்கள்தான் அந்தப் படங்களின் அரக்கர்கள். பத்திரிகைகள் 'ஹூடி ஹாரர்' என்றே பெயர் வைத்தன. அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடியைக் கீழிருந்து ஒரு கோணத்தில் காட்டினாலே பயம் வந்துவிடும் என்று நம்பிய படங்கள் அவை. எனக்கும் அவற்றில் பல பிடிக்காது. ஆனால் அந்த வழக்கத்தை உடைத்ததும் அதே வகைதான். 2011-இல் ஜோ கார்னிஷ் எடுத்த 'அட்டாக் த பிளாக்', ஒரு செவிலியரைத் தெருவில் மறித்து வழிப்பறி செய்யும் பையன்களில் தொடங்குகிறது. வழக்கமான அரக்கர்கள் வந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கும்போது, வானத்திலிருந்து நிஜமாகவே அரக்கர்கள் விழுகிறார்கள். அந்தச் செவிலியரும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்கிறார் என்று பையன்களுக்குத் தெரியவருகிறது. எந்த மாடியில் யார், எந்தக் கதவுக்கு எது வழி என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான், கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களும் அவர்கள்தான். அந்தப் படத்தின் ஒரு பகுதி தெற்கு லண்டனின் ஹேகேட் குடியிருப்பில் எடுக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த அந்தக் குடியிருப்பு 2014-க்குள் இடிக்கப்பட்டது. இன்று அந்த நடைபாதைகளைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் சில படங்களில்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் பேய்கள் எப்போதும் இப்படிச் சின்ன வீடுகளில் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அவை கோட்டையிலும் ஜமீன் மாளிகையிலும்தான் குடியிருந்தன. திகில் படங்களுக்குப் பேர்போன ஹாமர் நிறுவனத்தின் படங்களை நினைத்துப் பாருங்கள். மாளிகையில் பேய் என்றால் அது பரம்பரைச் சொத்தின் கதை, என்றோ ஒரு பிரபு செய்த பாவத்தின் கதை. 1970-களில் பேய் நகரத்துக்குக் குடிவந்தது. 1977-இல் வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் ஒரு கவுன்சில் வீட்டில் (உள்ளாட்சி மன்றம் வாடகைக்கு விடும் வீடு) பேய் நடமாட்டம் என்று பத்திரிகைகள் எழுதிக் குவித்தன. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகத்தை நேரலை போலவே ஒளிபரப்பியது. நார்த்தோல்ட்டில் ஒரு சாதாரண வீடு, தாயும் இரண்டு மகள்களும், நாடறிந்த தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன். நிஜம் என்று நம்பி ஏராளமானோர் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். பிபிசி அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. மாளிகையில் நடந்திருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தங்கள் வீடு போலவே ஒரு வீடு என்பதால்தான் நம்பினார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1972-இல் வந்த 'டெத் லைன்' இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். லண்டனின் ரஸ்ஸல் ஸ்கொயர் சுரங்க ரயில் நிலையத்தில் இரவில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் காணாமல் போனபிறகுதான் போலீஸ் அக்கறையோடு விசாரிக்கிறது. கதைப்படி 1892-இல் சுரங்கம் தோண்டும்போது மண் சரிந்து ஆண்களும் பெண்களுமாகத் தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தோண்டிய கம்பெனி திவால். செலவு செய்து யாரும் அவர்களை வெளியே எடுக்கவில்லை. செத்தவர்களைத் தின்று பிழைத்த அந்த மனிதர்களின் வாரிசுகளில் கடைசியாக மிஞ்சியவன்தான் படத்தின் அரக்கன். அவனுக்குத் தெரிந்த ஒரே பேச்சு "மைண்ட் த டோர்ஸ்". கதவு மூடுகிறது, கவனம் என்று மேலே ரயிலில் சொல்லும் அறிவிப்பு. தலைமுறை தலைமுறையாகச் சுவருக்கு அப்பாலிருந்து அதை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அவன் ஒரு பெண்ணிடம் கெஞ்சும்போதும் அதைத்தான் சொல்கிறான், கோபத்திலும் அதைத்தான் சொல்கிறான். தினமும் லட்சக்கணக்கானவர்கள் ஏறி இறங்கும் ரயிலுக்கு அடியில் அதைக் கட்டியவர்கள் புதைந்து கிடக்கிறார்கள் என்பதை, ஒரு மலிவான திகில் படம் அந்த மூன்று சொற்களை வைத்துச் சொல்லிவிட்டது.

2002-இல் டேனி பாயில் எடுத்த, தொற்றுநோயால் வெறிச்சோடிப்போன லண்டனைக் காட்டும் '28 டேஸ் லேட்டர்' என்றால் எல்லோரும் ஆளில்லாத வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைச் சொல்வார்கள். விடிகாலையில் சில நிமிடங்கள் போக்குவரத்தை நிறுத்தி, கைக்கடக்கமான டிஜிட்டல் கேமராக்களில் எடுத்த காட்சி அது. எனக்கு அதைவிட முக்கியம் அடுக்குமாடிக் காட்சி. ஒரு அப்பாவும் மகளும் கிழக்கு லண்டனின் பால்ஃபிரன் கோபுரத்தில் உயரே இருக்கிறார்கள். மாடிப்படியைக் கடைத் தள்ளுவண்டிகளால் அடைத்திருக்கிறார்கள். மொட்டைமாடி முழுக்க வண்ண வண்ண வாளிகள், மழைத் தண்ணீருக்காக. மழை வரவில்லை. லிஃப்ட்டும் குழாயும் நின்றுபோனால் இருபதுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடத்தில் வாழ்க்கை எவ்வளவு நாள் தாங்கும் என்று அந்த வாளிகளைப் பார்த்தாலே தெரியும். 1967-இல் கவுன்சில் குடியிருப்பாகக் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடம், பிற்பாடு குடித்தனக்காரர்களைக் காலி செய்யவைத்து, புதுப்பித்து, தனியாருக்கு விற்பனைக்குப் போனது.

நீங்கள் தேர்ந்தெடுத்த 'ஐ, டேனியல் பிளேக்' படத்துக்கு வருகிறேன். 2016-இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கிய படம், அருமையான படம். உதவித்தொகைக்காக ஒரு மரத்தச்சர் அலுவலக மேசைகளுக்கு முன்னால் அலைவதை லோச் பூச்சில்லாமல் காட்டுகிறார். 'ஹிஸ் ஹவுஸ்' படத்திலும் அதே மேசைதான், எதிரில் இருப்பவர் அகதி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் லோச்சின் படத்தில் எதைக் காட்ட முடியாதோ, அதைப் பேய்ப் படம் காட்டுகிறது. போல் இந்த நாட்டுக்காரனாகிவிட வேண்டும் என்று துடிக்கிறான். கடை விளம்பரத்தில் சிரிக்கும் குடும்பத்தைப் பார்த்து அதே மாதிரிச் சட்டை வாங்கிக்கொள்கிறான். சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியால் சாப்பிடச் சொல்லி மனைவியை வற்புறுத்துகிறான். வாயில் உலோகச் சுவைதான் தெரிகிறது என்கிறாள் ரியால். கீழே உட்கார்ந்து கையால் சாப்பிடுவதுதான் அவளுக்கு வேண்டும். ஒரு காட்சியில் போல் மேசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கேமரா மெல்லப் பின்னால் போகிறது. சமையலறைச் சுவர் பிய்ந்து நிற்கிறது, அதற்கு அப்பால் தெரு இல்லை, இருட்டில் கடல். அவன் மேசையோடு அந்தத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறான். யதார்த்தப் படம் அந்த மனிதனை அறையில் மட்டும்தான் காட்டும். அவன் இன்னும் கடலில்தான் இருக்கிறான் என்பதை ஒரே ஷாட்டில் காட்டும் உரிமையைப் பேய்ப் படம் என்ற வகைதான் இயக்குநருக்குக் கொடுக்கிறது.

சுவர்களும் அப்படித்தான். காகிதம் ஒட்டிய பழைய சுவரில் ஓட்டைகள். போல் சுத்தியலால் அடித்து அடித்து அவற்றைப் பெரிதாக்குகிறான். உள்ளே இருப்பதைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறான். அரசு கொடுத்த வீட்டை அவனே சிதைக்கிறான், அதைப் பார்க்க அதிகாரிகள் வரும் நாளும் நெருங்குகிறது. பேய் பயம் ஒரு பக்கம், வீட்டைக் கெடுத்ததற்காகக் கேஸ் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தத் தம்பதியின் கடந்த காலத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. நம் உறுப்பினர்கள் திரையில் பார்க்க வேண்டும் என்பதால் அதை இங்கே உடைக்க மாட்டேன். அது தெரிந்தபிறகு, யார் நல்ல அகதி, யார் கெட்ட அகதி என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் காணும்.

வகையைப் பார்த்தே ஒரு படத்தைத் தள்ளுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பிரிட்டனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1960-இல் மைக்கேல் பவல் 'பீப்பிங் டாம்' என்ற திகில் படத்தை எடுத்தபோது லண்டன் விமர்சகர்கள் அதைச் சாக்கடையில் தள்ள வேண்டிய குப்பை என்று எழுதினார்கள். அந்தப் பெரிய இயக்குநரின் வாழ்க்கையே அதோடு சரிந்தது. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி போன்றவர்கள் கைகொடுத்ததால் படம் மறுபடி திரைக்கு வந்தது. இன்று எந்தத் திரைப்படக் கல்லூரியும் அதை விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் சினிமாவைப் பாடம் நடத்தாது.

இனி நான் கேட்பது இதுதான். சனிக்கிழமை மாலை 'ஐ, டேனியல் பிளேக்' முடிந்ததும் அரைமணி நேரம் தேநீருக்கு விட்டுவிட்டு 'ஹிஸ் ஹவுஸ்' போடுங்கள். 93 நிமிடப் படம், கடைசிப் பேருந்துக்கு முன்னால் முடிந்துவிடும். ஓடிடியில் வந்த படம் என்பதால் பொதுத் திரையிடலுக்கு முறையாக அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டால் 'டெத் லைன்' படத்துக்கு முயற்சி செய்யலாம். ரியால் தெற்கு சூடானின் டிங்கா மொழியில் பேசும் இடங்களுக்குத் தமிழில் கதைச் சுருக்கம் ஒன்று தயாரித்து நுழைவாயிலில் கொடுக்கலாம், அதையும் எழுதித் தருகிறேன். குழந்தைகளை அழைத்துவர வேண்டாம் என்று அறிவிப்பில் தெளிவாகப் போட்டுவிடுங்கள். சத்தம் இந்தப் படத்தில் மிக முக்கியம். சுவருக்குள் நடக்கும் காலடிகள் பின்வரிசைக்கும் கேட்க வேண்டும், ஆகவே அன்று மட்டும் பழைய ஒலிபெருக்கிகளை மாற்றி வாடகைக்கு நல்லது எடுங்கள். அதற்கான செலவில் என் பங்கைத் தந்துவிடுகிறேன். அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் நேரம் கொடுத்தால் நேரில் வந்தும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கழகத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்